இருபத்தெட்டு டாலரம்மாக்களும் ஒரு ஜன்னலும்

தூத்துக்குடியில் துறைமுகத்துக்கும் உப்பளத்துக்கும் நடுவில் கிடக்கிற எங்கள் பாய்மரத் தெருவில், சித்திரை பிறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் இருபத்தெட்டு அமெரிக்கப் பெண்கள் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பினார்கள் என்பதும், மறுநாள் காலையில் குழாய்த் தண்ணீர் அரை மணி நேரம் தாமதமாக வந்தது என்பதும் தெருவில் எல்லோருக்கும் தெரியும். இரண்டில் எதைப் பற்றி முதலில் பேசினீர்கள் என்று கேட்டால், தண்ணீரைப் பற்றித்தான் என்று வெட்கமில்லாமல் சொல்வேன்.

அந்தப் பெண்கள் கோமதிநாயகத்தின் வெள்ளி டாலர்களில் இருந்தவர்கள். கோமதிநாயகம் துறைமுகத்தில் கப்பலில் ஏறுகிற மூட்டைகளை முப்பது வருஷம் எண்ணிக் குறித்துவிட்டு ஓய்வு பெற்றவர். அந்த முப்பது வருஷத்தில் எந்த நாட்டுக் கப்பல் வந்தாலும் இரண்டு கிலோ முந்திரி மக்ரூன் இனிப்பைக் கையில் தூக்கிக்கொண்டு கப்பல்காரர்களிடம் போய், பழைய வெள்ளி டாலர் இருக்கிறதா என்று கேட்டு, நம்மூர் மக்ரூனை ஒரு வாய் போட்டுப் பார்த்தவன் எவனும் இல்லை என்று சொல்ல மாட்டான் என்பதால், ஒவ்வொன்றாக இருபத்தெட்டு டாலர் சேர்த்துவிட்டார். எல்லாம் நூறு வருஷத்துக்கும் முந்தியவை. ஒரு பக்கம் இடதுபுறம் பார்த்தபடி ஒரு பெண், மறுபக்கம் சிறகை விரித்த ஒரு கழுகு. அதிலும் 1893-இல் அடித்த ஒன்று, அந்த வகை உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிறது என்பதால், மற்ற இருபத்தேழையும் சேர்த்து வைத்தாலும் அதன் விலைக்குப் பக்கத்தில் வராது.

அவற்றை வெல்வெட் வைத்த ஒரு தகரப்பெட்டியில் போட்டு, பெட்டியைப் பீரோவில் வைத்து, பீரோவைப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் வெளியே எடுத்து லென்ஸ் வைத்துப் பார்ப்பார். தன் பெண்டாட்டி செண்பகவல்லியை அவர் அப்படி லென்ஸ் வைத்துப் பார்த்ததில்லை என்பதை நாங்கள் கிண்டலாகச் சொல்வோம். செண்பகவல்லி அதைக் கிண்டலாகச் சொல்ல மாட்டாள்.

செண்பகவல்லிக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை இருந்தது. அடுப்படிக்கு ஒரு ஜன்னல் வேண்டும். அவர்கள் குடியிருந்தது பிச்சையா அண்ணாச்சி வீட்டின் பின்கட்டு, வாடகைக்கு. அந்த அடுப்படியின் சுவருக்கும் அடுத்தாற்போல நிற்கிற உப்புக் கோடௌன் சுவருக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளிதான் இருந்தது. இருபத்தாறு வருஷமாகப் பட்டப்பகலில் பல்பைப் போட்டுக்கொண்டுதான் அவள் ரசத்துக்குக் கொதி வந்துவிட்டதா என்று பார்த்தாள். மழை பெய்தாலும், தெருவில் சண்டை நடந்தாலும், கல்யாண ஊர்வலம் போனாலும், மற்றவர்கள் வந்து சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். இது போதாதென்று அண்ணாச்சி போட்ட கண்டிஷன் வேறு: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, மஞ்சள் குங்குமம் வைக்கக் கூடாது, பெயிண்ட் கெட்டுப்போகும். செண்பகவல்லி பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சுவரில் வைக்க வேண்டிய பொட்டை ஜவுளிக்கடைக் காலண்டரில் வைத்துவந்தாள்.

இந்த நிலையில்தான் ஊருக்கு மேற்கே அடுப்படியில் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் என்று ஒரு வீடு விலைக்கு வந்தது. ஐம்பத்தைந்து லட்சம் சொன்னார்கள், சித்திரை முடியும்வரை காத்திருப்பதாகவும் சொன்னார்கள். கோமதிநாயகம் இரண்டு நாள் இடுப்புச் சாவியைத் தடவிக்கொண்டே திரிந்தார். மூன்றாம் நாள் பீரோவைத் திறந்து, டாலர்களைப் படம் பிடித்து, ஆன்லைனில் நாணயங்களை ஏலம் போடுகிற ஒரு அமெரிக்கக் கம்பெனிக்கு அனுப்பினார். நூறு வருஷத்துக் காற்றுப் பட்டு டாலர்களின் மேல் நீலமும் ஊதாவும் செம்புநிறமுமாக ஒரு கறை ஏறியிருந்தது. நாணயம் சேர்க்கிறவர்களுக்கு அந்தக் கறைதான் உயிர். அற்புதம், எழுபது லட்சம் வரை போகும், பெரிய படங்கள் அனுப்புங்கள் என்று பதில் வந்தது. அவர் பெரிய கேமரா இரவல் வாங்கப் போனார், போகிற அவசரத்தில் பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் சித்திரை விசு. விடிந்ததும் முதல் பார்வையாகக் கனி காண வேண்டும்; அதற்குத் தாம்பாளத்தில் கண்ணாடியும் பழமும் பூவும் வெள்ளிச் சாமானும் வைக்க வேண்டும். செண்பகவல்லி குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தாள், வெள்ளிக் கிண்ணத்தை விபூதி போட்டுத் தேய்த்தாள், மேஜையில் இருபத்தெட்டு வெள்ளிக்காசுகள் அழுக்கேறிக் கிடந்ததைப் பார்த்தாள், இந்த மனுஷனுக்கு லென்ஸ் வைத்துப் பார்க்கத் தெரிகிறதே தவிர ஒரு தடவை துடைக்கத் தெரிகிறதா என்று நினைத்தாள், அவற்றையும் புளி போட்டு ஒரு தரம், விபூதி போட்டு ஒரு தரம் தேய்த்து, கழுவித் துடைத்துத் தாம்பாளத்தில் அடுக்கினாள். அடுக்கியபிறகு குங்குமச்சிமிழை எடுத்தாள். வெள்ளியானால் பொட்டு வைக்க வேண்டும், அதிலும் பெண் உருவம் இருந்தால் வைத்தே ஆக வேண்டும். ஆனால் அந்தப் பெண்கள் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கே வைத்தாலும் பொட்டு காதுப்பக்கம் போய் உட்கார்ந்தது. செண்பகவல்லி மற்ற எதையும் பொறுத்துக்கொள்வாள், கோணலான பொட்டைப் பொறுத்துக்கொள்ள மாட்டாள்.

“கொஞ்சம் திரும்புங்களேன், தாயி. பொட்டு நடுவுல வரமாட்டேங்கு” என்றாள்.

அவர்கள் திரும்பினார்கள். இருபத்தெட்டுப் பேரும், தலையில் செருகியிருந்த கோதுமையும் பருத்தியும் கலையாமல், மெதுவாக முகத்தைத் திருப்பி அவளை நேருக்கு நேர் பார்த்தார்கள். செண்பகவல்லி வரிசையாக நெற்றிக்கு நடுவில் பொட்டு வைத்துவிட்டு, அடுப்பில் வைத்த பாயசம் அடிபிடிக்கிறதா என்று பார்க்கப் போனாள்.

கேமராவோடு திரும்பிவந்த கோமதிநாயகம் தாம்பாளத்தைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முகங்கள் திரும்பியதற்காக அல்ல. அதை அவர் கால்மணி நேரம் கழித்துத்தான் கவனித்தார். டாலர்கள் பளபளவென்று இருந்ததற்காக. நூறு வருஷத்துக் கறையைப் பத்து நிமிஷத்தில் புளியங்கரைசலில் விட்டுவிட்டாளே என்று அழுதார். அழுக்கைத் தேய்த்ததற்கு அழுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள் செண்பகவல்லி. ஆனால் விஷயம் விளங்கியதும் அவளுக்கும் அழுகை வந்தது, ஏனென்றால் அந்தப் புளித்தண்ணீரில் வேப்பமரமும் ஜன்னலும் சேர்ந்து போய்விட்டதாக அவர் சொன்னார்.

மறுநாள் கனி காண வந்த தெருப் பெண்கள் டாலரம்மாக்களைப் பார்த்தார்கள். டாலரம்மா என்று பேர் வைத்ததும் அன்றைக்குத்தான். பூ வைக்க வேண்டிய தலையில் கோதுமையை வைத்திருக்கிறாளே பாவம் என்று ஒருத்தி கிள்ளின மல்லிகையை ஒவ்வொரு காசின் மேலும் வைத்தாள். வயது என்ன என்று விசாரித்தார்கள். காசிலேயே வருஷம் போட்டிருந்ததால் மறைக்க வழியில்லை. நூற்றிருபது, நூற்றிமுப்பது என்று வந்தபோதும், பார்த்தால் தெரியவில்லை, இருபதுதான் மதிக்கலாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னார்கள். மறுபக்கத்துக் கழுகு எதற்கும் அசையாமல் சிறகை விரித்தபடியே இருந்தது. ஆம்பிளைகள் எல்லா நாட்டிலும் ஒன்றுதான் என்று முடிவானது. பிறகு எல்லோரும் தங்கள் வீட்டிலும் பொட்டு வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் திரும்பவில்லை. பால்காரர் மாடு திரும்பிப் பார்த்தது, ஆனால் மாடு சாதாரணமாகவே அப்படிப் பார்க்கும். யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, அதுதான் கோளாறு என்று எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை.

ஏலக் கம்பெனிக்குக் கோமதிநாயகம் மறைக்காமல் புதுப் படங்களை அனுப்பினார். தேய்த்துக் கழுவியதால் விலை பாதிக்கும் கீழே போகும் என்று முதல் கடிதம் வந்தது. நேராகப் பார்க்கிற பெண்ணை எங்கள் தேசத்தில் டாலரில் அடித்ததே இல்லை, இது போலி என்று இரண்டாம் கடிதம் வந்தது. அவர் வீடியோவில் காட்டினார். காட்டும்போது டாலரம்மாக்கள் கம்பெனி ஆபீசரைப் பார்த்துக் கண் சிமிட்டியதாகப் பிறகு தெருவில் சொல்லிக்கொண்டார்கள். மூன்றாம் கடிதம் மரியாதையாக வந்தது: இந்தத் தொகுப்பை ஏலத்தில் எடுக்கிறோம், நாணயங்கள் ஒரு நிலையில் நிற்காததால் கேட்பவர்கள் முதலில் வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம், கேட்டவர்களில் யாருக்குக் கொடுப்பது என்பதை முடிகிற நேரத்துக்குள் விற்பவரே சொல்லலாம். முடிகிற நேரம் சித்திரைக் கடைசித் திங்கட்கிழமை, நம் நேரப்படி காலை ஆறரை.

கேட்பவர்கள் முதலில் வந்து பார்ப்பார்கள், அப்புறம் யாருக்குக் கொடுப்பது என்று நாம் சொல்லலாம் என்றதும், எங்கள் தெருவுக்கு அது என்ன என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பெண் பார்க்க வருகிறார்கள். பிலோமினா டீச்சரைக் கூப்பிட்டோம். பிலோமினா டீச்சர் நாற்பது வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர், அதே நாற்பது வருஷத்தில் கோயில் பக்கமும் சர்ச் பக்கமுமாக இருநூறு கல்யாணம் முடித்தவர். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஏலம் கேட்ட ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதினார்: என்ன தொழில், வீட்டில் எத்தனை பேர், குடி உண்டா, எங்கள் பெண்களை எங்கே வைத்துக்கொள்வீர்கள். ஏலக் கம்பெனி வரலாற்றில் வாங்குகிறவர்களை இப்படிக் கேட்டதில்லையாம். நாங்கள் இருநூறு கல்யாணத்திலும் இப்படித்தான் கேட்டோம் என்று டீச்சர் பதில் போட்டார்.

பார்க்க வருகிற நாளெல்லாம் செண்பகவல்லி அந்த இருட்டு அடுப்படியில் கேசரியும் பஜ்ஜியும் போட்டாள். மாப்பிள்ளை வீட்டார் கம்ப்யூட்டருக்குள் இருந்ததால் அதை நாங்களே சாப்பிட்டோம். முதலில் வந்தவர் எண்ணெய்க் கிணறு வைத்திருக்கிற பெரிய பணக்காரர். ஒவ்வொரு டாலரையும் தனித்தனிப் பிளாஸ்டிக் கூட்டில் வைத்து ஒட்டி, தன் வீட்டுக்குக் கீழே நாற்பதடி ஆழத்தில் இரும்பு அறையில் வைத்துப் பூட்டிவிடுவாராம், ஒருத்தர் கண்ணிலும் காட்ட மாட்டாராம். டீச்சர் இதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் டாலரம்மாக்கள் இருபத்தெட்டுப் பேரும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்கள். தாம்பாளம் முழுக்க இருபத்தெட்டுக் கொண்டைகள் தெரிந்தன. இதைவிடத் தெளிவாக ஒரு பெண் எப்படி வேண்டாமென்று சொல்வாள் என்று தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, அந்தப் பணக்காரர், கொண்டை தெரிகிற டாலர் இன்னும் அபூர்வம் என்று மகிழ்ந்துபோய், அறுபத்தொரு லட்சத்துக்குச் சமமாகக் கேட்டுவிட்டார்.

பிறகு ஒரு பல் டாக்டர் வந்தார், பேச்சு முழுக்கச் சிரித்தார், டாலரம்மாக்கள் பாதி திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி கொண்டையைக் காட்டினார்கள். அடுத்து வந்தவர் தன் பேரைச் சொல்வதற்குள்ளேயே கொண்டைதான். பிலோமினா டீச்சர், பெண்கள் நிறையப் படித்தால் இப்படித்தான் ஆகிறது என்று வருத்தப்பட்டார்.

கடைசியாக வந்தது மார்ஜரி என்கிற அம்மாள். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், புருஷன் இல்லை, வருஷத்தில் ஆறு மாதம் பனி விழுகிற ஊர். பஸ் ஓட்டிச் சேர்த்ததும் புருஷன் விட்டுப்போனதும் சேர்த்து இருபத்திரண்டு லட்சம்தான் தன்னால் முடியும் என்று முதலிலேயே சொன்னார். நாணயம் சேர்க்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அவர் சொன்னது இவ்வளவுதான்: பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு மேலே ஒரு ஜன்னல் இருக்கிறது, ஜன்னல் விளிம்பில் இவர்களை வரிசையாக வைப்பேன், நான் கழுவிக்கொண்டிருக்கும்போது பேச்சுத்துணைக்கு ஆகும். கொண்டைகள் அசைந்தன. தொண்ணூற்றிமூன்றாம் வருஷத்துக்காரி முதலில் திரும்பினாள், பின்னாலேயே மற்ற எல்லோரும் திரும்பினார்கள். நெற்றியில் பொட்டு அத்தனையும் நடுவில் இருந்தது.

அன்றைக்குச் செண்பகவல்லி பல்பை அணைத்துவிட்டு இருட்டிலேயே பாத்திரம் கழுவினாள்.

திங்கட்கிழமை காலையில் தெருக்குழாயடியில் குடங்கள் வரிசையில் நின்றன, நாங்கள் குடங்களுக்குப் பின்னால் நின்றோம். குழாய்மேடையில் கோமதிநாயகம் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், சிக்னல் அங்கேதான் கிடைக்கும். அறுபத்தொரு லட்சம் மேலே நின்றது, இருபத்திரண்டு லட்சம் எங்கேயோ கீழே நின்றது, ஆறரைக்கு நாலு நிமிஷம் இருந்தது. அறுபத்தொன்று என்றால் ஜன்னல், வேப்பமரம், எல்லாம். இருபத்திரண்டு என்றால் பழைய பல்புதான். டீச்சர் உட்பட நாங்கள் எல்லோரும் அறுபத்தொன்றுக்கே கொடுத்துவிடச் சொன்னோம் என்பதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. கொண்டையைக் காட்டிய பிறகும் ஊரில் எத்தனை கல்யாணம் நடந்திருக்கிறது.

கோமதிநாயகத்தின் விரலும் அந்தப் பக்கம்தான் போனது. செண்பகவல்லி தாம்பாளத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

“அந்த நாப்பதடிப் பள்ளத்துக்கு வேண்டாங்க” என்றாள்.

“அப்போ ஒன் ஜன்னலு?”

“முப்பது வருசம் தகரப்பெட்டிக்குள்ள கெடந்தாளுவ. இருட்டு எப்படி இருக்கும்னு ஒங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நான் திரும்புன்னு சொன்னேன், நம்பித் திரும்புனாளுவ. அவளுவளப் பள்ளத்துல போட்டுட்டு அந்த ஜன்னல் வழியா நான் எதப் பாக்கதுக்கு?”

கோமதிநாயகம் அவளைப் பார்த்தார். லென்ஸ் எதுவும் இல்லை, இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் பார்வைதான் அது. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அவருக்குத் தன்னை நினைத்து வெட்கமாக இருந்தது. விரலைக் கீழே கொண்டுபோய் மார்ஜரி பேரில் வைத்து அமுக்கினார். அதே சமயத்தில் குழாயில் தண்ணீர் வந்தது, அன்றைக்குத்தான் அது சரியான நேரத்துக்கு வந்தது, நாங்கள் எல்லோரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியதால் அவர்கள் இருவரும் அங்கே அழுதார்களா என்று யாரும் பார்க்கவில்லை.

டாலரம்மாக்களை அனுப்புகிற அன்றைக்குத் தெரு முறையாக வழியனுப்பியது. மஞ்சள் துணி, வெற்றிலை பாக்கு, ஒரு கிலோ மக்ரூன், பனிக்கு ஆகும் என்று ஒருத்தி பின்னிக்கொடுத்த கம்பளி உறை என்று பார்சல் பெருத்துவிட்டது. கூரியர்காரர் உள்ளே என்ன என்று கேட்டதற்குப் பெண்பிள்ளைகள் என்று நாங்கள் சொல்லி, அதை அவர் எழுத மறுத்து, கடைசியில் வெள்ளிக்காசு என்று எழுத வேண்டியதாயிற்று. மேற்கே இருந்த வீட்டை வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

பிச்சையா அண்ணாச்சி இருபத்திரண்டு லட்சம் கதையைக் கேள்விப்பட்டு, வெளிச்சமில்லாத பின்கட்டைத் தலையில் கட்ட இதைவிட நல்ல ஆள் கிடைக்காது என்று நினைத்து, பத்தொன்பது லட்சத்துக்குத் தருகிறேன் என்றார். கோமதிநாயகம் பேரம் பேசாமல் வாங்கினார். ஒரு புதன்கிழமை பத்திரம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், செண்பகவல்லி செருப்பைக் கழற்றியது பாதி கழற்றாதது பாதியாக அடுப்படிக்குப் போய், இருபத்தாறு வருஷம் தொட முடியாமல் இருந்த அந்தச் சுவரில் மஞ்சளைக் குழைத்து வட்டமாகப் பூசி, அதன் நடுவில் குங்குமம் வைத்தாள். வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். நடுவில்தான் இருந்தது.

“கொஞ்சம் திரும்பேன், தாயி” என்றாள்.

டம்ளர்கள் கிணுங்கின. ரசத்துக்கு வைத்திருந்த புளித்தண்ணீர் பாத்திரத்தில் ஒரு சுற்று சுற்றியது. தூங்குகிற ஆள் பாயில் புரண்டு படுப்பதுபோல வீடு அலுங்காமல் முழுசாகத் திரும்பிப் படுத்தது. அடுப்படி தெருவுக்கு வந்துவிட்டது. முன்கட்டு உப்புக் கோடௌன் பக்கம் போய்விட்டது. குழாயடியில் நின்றிருந்த நாங்கள், செண்பகவல்லி வீடு இனிமேல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, நல்லதாகப் போயிற்று என்று சொல்லிக்கொண்டோம்; தபால்காரர் கதவு எண்ணை அழித்து மாற்றி எழுதிக்கொண்டார்; மறுநாள் கொத்தனார் வந்து சுவரை உடைத்துப் பெரிதாக ஜன்னல் வைத்தார்.

முன்கட்டில் குடியிருக்கிற பிச்சையா அண்ணாச்சி வாசலைத் திறந்தால் மூன்று விரல் இடைவெளியில் கோடௌன் சுவர். வெளியே வர வேறு வழியில்லாததால் அன்றிலிருந்து அவர் செண்பகவல்லியின் அடுப்படி வழியாகத்தான் போய்வருகிறார், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, உலைக்குப் பக்கத்தில் ஒதுங்கி. வீட்டைப் பழையபடி திருப்பித்தர வேண்டும் என்று கேட்டுப் பார்த்தார். உங்க செவத்துக்கும் ஒரு பொட்ட வச்சி நீங்களே கேளுங்க அண்ணாச்சி, அவளுக்கு இஷ்டமிருந்தாத் திரும்புவா என்று செண்பகவல்லி சிமிழையே எடுத்து நீட்டினாள். இன்றுவரை அவர் வைக்கவில்லை. போன வருஷம்தான் புதுப் பெயிண்ட் அடித்தாராம்.

ஆவணி மாதம் மார்ஜரியிடமிருந்து படம் வந்தது. பாத்திரம் கழுவுகிற தொட்டி, அதன் மேலே ஜன்னல், விளிம்பில் கம்பளி உறையை விரித்து வரிசையாக இருபத்தெட்டு டாலரம்மாக்கள். பிலோமினா டீச்சர் படத்தைப் பார்த்துத் திடுக்கிட்டார். இருபத்தெட்டுப் பேரும் கொண்டையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். போன இடத்தில் என்ன குறையோ, நல்ல இடம் என்று நம்பிக் கொடுத்தோமே என்று தெருப் பெண்கள் அடுப்படியில் கூடி வருத்தப்பட்டார்கள். செண்பகவல்லியைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினோம். அவள் திரும்பவில்லை. இரண்டு முழங்கையையும் ஜன்னல் கட்டையில் ஊன்றி, குழாயடியில் நடந்த ஒரு குடச்சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், படத்தை வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடி வெளியே தலையை நீட்டிக்கொண்டு சொன்னாள்:

“ஒரு கொறையும் இல்ல. வெளிய வேடிக்க பாக்குதாளுவ.”

எங்களுக்கு அவள் கொண்டைதான் தெரிந்தது.